மொரிஸ் மைனர் காரின் உடற்கூட்டை வீட்டில் சீரமைத்தல்

மொரிஸ் மைனர் என்பது பிரித்தானியாவில் 1948 ஆம் ஆண்டு அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட சிறிய மகிழுந்து ஆகும். பின்னர் மினி காரை வடிவமைத்துப் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸ் இதன் வடிவமைப்பாளர். 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராகின. பிரித்தானியாவிலும் இலங்கையிலும் இவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. இதன் எஞ்சினும் கியர்பெட்டியும் எளிமையானவை. சில ஸ்பானர்களும் பொறுமையும் உள்ள ஒருவர் அவற்றைக் கழற்றிப் பூட்டிவிடலாம். ஆனால் ஒரு மைனர் இன்னும் இருபது ஆண்டுகள் ஓடுமா, பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்பதை முடிவு செய்வது எஞ்சின் அல்ல, தகரம்.

பழைய காரைப் புதுப்பிப்பது என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது பளபளக்கும் பெயின்ட். உண்மையில் பெயின்ட் கடைசி வேலை. அதற்குச் செலவாகும் நேரமும் குறைவு. பெரும்பகுதி உழைப்பு, வண்டியை முடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாத இடங்களில்தான் போகிறது. அந்த வரிசை தலைகீழானால் அழகான, ஆனால் ஆபத்தான கார் ஒன்று கிடைக்கும்.

காரின் அமைப்பு

பழைய கார்கள் பலவற்றில் அடியில் ஏணி போன்ற தனிச் சட்டகம் இருக்கும். உடல் அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்படும். மைனரில் அப்படித் தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகரம், கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் பெட்டிப் பகுதி, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாகச் சுமையைத் தாங்குகின்றன. முன்புறத்தில் எஞ்சினின் இருபக்கமும் பெட்டி வடிவக் கால்கள் இரண்டு பின்னோக்கி வந்து, கியர்பெட்டிக்குக் கீழே குறுக்காகச் செல்லும் ஒரு சட்டத்தில் சேர்கின்றன.

இந்தக் குறுக்குச் சட்டம் சாதாரணத் தாங்கி அல்ல. மைனரின் முன்சக்கரங்களுக்குச் சுருள்வில் இல்லை. நீளமான முறுக்குக் கம்பிகள்தான் வில்லின் வேலையைச் செய்கின்றன. அவற்றின் பின்முனைகள் இந்தச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. அதன் வெளி முனைகளில்தான் ஜாக் வைக்கும் இடங்களும் உள்ளன. சட்டம் உளுத்துப்போனால் முறுக்குக் கம்பிக்குப் பிடிமானம் இல்லாமல் போகும். அதாவது ஓடும்போதே முன்சக்கரம் ஒன்றின் தாங்குதல் நழுவக்கூடும். பின்பக்க இலைவில்கள் தரையோடும் டிக்கியின் அடித்தகரத்தோடும் சேரும் இடங்களும் இதே அளவு முக்கியமானவை.

மட்கார்ட்டுகளின் கதை வேறு. முன்பின் நான்கும் போல்ட்டுகளால் மாட்டப்பட்டவை. உடலுக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய நாடா விளிம்பு வரும். ஒரு மட்கார்ட் முற்றிலும் உளுத்துப் போயிருந்தாலும் காரின் பலம் குறையாது. கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் துரு பெரும்பாலும் மலிவான துரு. தெரியாத துருதான் விலை கூடியது.

துரு எங்கே பிடிக்கிறது

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். உப்பு அந்த வேலையை வேகப்படுத்துகிறது. பிரித்தானியாவில் குளிர்காலத்தில் பனி உருக வீதிகளில் தூவும் உப்பு காரின் அடிப்பகுதியைத் தின்கிறது. இலங்கையின் கரையோர ஊர்களில் கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்துவிடுகிறது.

ஆனாலும் துருவின் உண்மையான இருப்பிடம் தண்ணீர் வந்து போகும் இடம் அல்ல, வந்து தங்கும் இடம். மைனரின் முன் மட்கார்ட்டின் பின்பகுதியில், கதவுத் தூணுக்கு முன்னால், சக்கரம் எறியும் சேறு படிந்து நிற்கும். வெயிலில் வெளிப்புறம் காய்ந்தாலும் உள்ளே அந்தச் சேறு நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென விடப்பட்ட சிறு துளைகள் தூசியால் அடைபட்டால், கதவே ஒரு தொட்டியாகிறது. சில் பெட்டிக்குள் புகும் நீருக்கும் இதே கதி. இவை எல்லாவற்றிலும் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளிப் பெயின்ட்டில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் கரைந்திருக்கலாம்.

துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்ளும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட விளிம்பில் துரு புகுந்தால் அது வீங்கி விளிம்பையே பிளக்கும். அத்தகைய மூட்டை மேலே சுரண்டிப் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை.

மைனருக்கே உரிய இன்னொரு பலவீனம் உண்டு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, இரும்புக் காலின் உள்ளே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கசியும் பிரேக் எண்ணெய் பெயின்ட்டைக் கரைத்துவிடும். பாதுகாப்பு இழந்த இரும்பில் துரு தொடங்கும். கம்பளத்துக்கு அடியில் நடப்பதால் பல உரிமையாளர்களுக்கு இது தெரிவதே இல்லை.

பட்டியின் கீழே என்ன இருக்கிறது

ஐம்பது, அறுபது வயதான காரில் முன்னர் யாரோ கைவைத்திருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து மேலே பட்டி பூசிய கார்களும் உண்டு. அதைவிட மோசமானது, உளுத்த சில்லை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தகட்டை மூடிப் பற்றவைப்பது. வெளியே பார்க்க நேர்த்தியாக இருக்கும். உள்ளே பழைய துரு புதுத் தகட்டையும் தின்னத் தொடங்கியிருக்கும். பலமும் பழைய உளுத்த இரும்பையே நம்பியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் நகர்த்திப் பார்க்கலாம். பிடி தளரும் இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் தகரம் கணீரென்றும் பட்டி மந்தமாகவும் ஒலிக்கும். காரின் அடியில் ஒரு கூரிய திருப்புளியால் அழுத்திக் குத்த வேண்டும். நல்ல இரும்பு தாங்கும். கெட்டது உள்ளே போகும். உரிமையாளர்கள் பலர் இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்க்கிறார்கள். கையில் திருப்புளியை எடுத்தால் செலவும் கூடவே வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2018 மே மாதம் முதல் பிரித்தானியாவில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. எல்லா மைனர்களும் இந்த வயதைத் தாண்டியவை. முன்பு ஒரு பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறை அடியில் படுத்துப் பார்ப்பார். சக்கரத் தாங்கிகள், ஸ்டீயரிங், பிரேக், இருக்கைப் பட்டி ஆகியவை பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் கடுமையான துரு இருந்தால் கார் தேறாது. இன்று அந்தக் கண் இல்லாமலே வண்டியை வீதியில் இறக்கலாம். வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற சட்டப் பொறுப்பு மட்டும் உரிமையாளரிடம் அப்படியே இருக்கிறது. வீட்டில் செய்யும் வேலைக்கு அந்த 30 சென்டிமீட்டர் விதி இப்போதும் நல்ல அளவுகோல்.

கழற்றுவதற்கு முன்

தொடங்கிய சீரமைப்புகளில் பாதியில் நின்றவை நிறைய. பெரும்பாலும் அவை நிற்பது வெல்டிங் கடினமாக இருப்பதால் அல்ல. முதல் வார உற்சாகத்தில் முழுக் காரையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து எந்த போல்ட் எங்கே இருந்தது என்று தெரியாமல் போவதால்தான். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுக்க வேண்டும். போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயரெழுத வேண்டும். கெட்டுப்போன பாகத்தையும் புதியது பொருந்தும் வரை எறியக்கூடாது. அளவு எடுக்க அதைவிடச் சிறந்த மாதிரி இல்லை. தனியாக வேலை செய்பவர் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுவது நல்லது. வண்டியின் வடிவம் கோணாமல் இருப்பதற்கும், மனம் சோராமல் இருப்பதற்கும் அதுவே வழி.

வெல்டிங் தொடங்கும் முன் பாட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் தாங்கியை வண்டியிலிருந்து முற்றாக இறக்கித் தூர வைக்க வேண்டும். மைனரில் அது டிக்கியின் அடியில் இருக்கிறது. காலித் தாங்கி பாதுகாப்பானது என்று எண்ணுவது தவறு. திரவம் நிறைந்த தாங்கியைவிட, ஆவி மட்டும் நிறைந்த காலித் தாங்கியே எளிதில் வெடிக்கும். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், மேலே சொன்ன மாஸ்டர் சிலிண்டர் ஆகியவை சூடு படும் இடத்தில் இருந்தால் அவற்றையும் அகற்ற வேண்டும். ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது. உளுத்த ஜாக் முனைகள் உள்ள மைனருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வெட்டுதலும் பற்றவைத்தலும்

சில்லை வெட்டும்போது காரின் முதுகெலும்பை வெட்டுகிறோம் என்றே கருத வேண்டும். தாங்கிகள் தவறான இடத்தில் இருந்தால் உடற்கூடு நடுவில் தொய்யும். அந்த நிலையில் புதிய சில்லைப் பற்றவைத்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு கதவு ஒருநாளும் சரியாக மூடாது. இதைத் தவிர்க்கக் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து முட்டுக் கொடுப்பார்கள். வாசலின் மூலைவிட்ட அளவுகளை முதலிலேயே எழுதி வைத்து, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பிடுவார்கள். முட்டுக்கொடுத்த பின்னும் அவ்வப்போது கதவை மாட்டி மூடிப் பார்ப்பது நல்லது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல் இருந்தால் உடற்கூடு அசையவில்லை. கூரை துணியாலான திறந்த வகை மைனரில் மேலே பிடிக்க எதுவும் இல்லாததால் முட்டு இன்றி வெட்டுவது பெரும் தவறு.

துருவை வெட்டும்போது நல்ல, பளிச்சென்ற இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும். மெலிந்த தகரத்தின் ஓரத்தில் பற்றவைத்தால் தீ படும் போதே அது உருகி ஓட்டை பெருகும். ஓட்டையை அடைக்க முயன்றால் இன்னும் பெருகும். புதிதாகப் பழகுபவர் இதைத் தன் கைக்குறை என்று நினைத்து வருந்துவார். காரணம் பெரும்பாலும் இரும்புதான்.

காரின் தகரம் சுமார் 1 மில்லிமீட்டர் தடிப்பு உள்ளது. கேட், ஜன்னல் கம்பிகளுக்குப் பயன்படும் சாதாரண ராட் வெல்டிங் அதைத் துளைத்துவிடும். வீட்டில் பழக ஏற்றது மிக் வெல்டிங். 0.6 மில்லிமீட்டர் கம்பியும், ஆர்கனும் கரியமில வாயுவும் கலந்த வாயுவும் அதற்கு வேண்டும். நீளமான தகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாகப் பற்றவைக்கக்கூடாது. சூட்டில் தகரம் விரிந்து, ஆறும்போது சுருங்கி நெளியும். முதலில் சில சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளி வைத்து, ஒரு புள்ளிக்குப் பின் தூரத்தில் அடுத்தது என்று மாறி மாறிச் சென்று இடைவெளிகளை நிரப்ப வேண்டும். கையால் தொடக்கூடிய அளவு ஆறிய பிறகே அடுத்தது. வெளித் தகடுகளில் இந்தப் பொறுமை மிக அவசியம். சுமை தாங்கும் இடத்தில் ஒட்டுப் போட்டால் கடைசியில் சுற்றளவு முழுவதும் தொடர்ச்சியாகப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். நாலு புள்ளி வைத்து, மீதியைப் பட்டியால் அடைப்பது ஏமாற்று வேலை.

இலங்கையின் பழைய கராஜ்களில் காஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். அதில் சூடு அதிகம் பரவுவதால் தகரம் கூடுதலாக நெளியும். ஆனால் ஒட்டு மென்மையாக இருப்பதால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தலாம். மிக் ஒட்டு கடினமானது. தட்டினால் படியாது, கிரைண்டரால் தேய்க்கத்தான் வேண்டும். கை பழகியவர் செய்த காஸ் ஒட்டைத் தட்டி முடித்தால் பட்டியே தேவைப்படாத அளவுக்கு மறைந்துவிடும்.

துருவை எடுத்தல்

வெட்டி எடுக்க வேண்டாத, மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தபின் பொஸ்பாரிக் அமிலம் கொண்ட திரவத்தைப் பூசுவது வழக்கம். அது எஞ்சிய துருவை இரும்புப் பொஸ்பேட்டாக மாற்றுகிறது. கழற்றக்கூடிய சிறிய பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு நல்ல வழி. சலவைச் சோடா கரைத்த நீரில் பாகத்தைத் தொங்கவிட்டு, பாட்டரி சார்ஜரின் எதிர் முனையைப் பாகத்திலும், நேர் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் இணைத்தால், துரு கழன்றுவிடும். நல்ல இரும்பு தேயாது. அந்தப் பழைய துண்டு சாதாரண இரும்பாக இருக்க வேண்டும். எவர்சில்வரைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மை வாய்ந்த குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். பாகத்திலிருந்து ஐதரசன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

அக்காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் கிரைண்டரால் பறக்கவிடுவது, வீட்டுக் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் ஈயத்தூளைத் தூவுவதற்குச் சமம். நனைத்துத் தேய்ப்பதும், முகமூடி அணிவதும், கசடைத் திரட்டி அகற்றுவதும் கட்டாயம்.

டிங்கரிங்

நெளிவு எடுக்கும் வேலையில் சுத்தியலைவிட முக்கியமானது மறுபக்கத்தில் பிடிக்கும் டொலி என்ற இரும்புக் கட்டை. நெளிவின் மேடான ஓரத்தில் சுத்தியலால் தட்டும்போது, பள்ளத்துக்குப் பின்னால் கட்டையை அழுத்திப் பிடித்தால் மேடு இறங்கும், பள்ளம் எழும். கட்டைக்கு நேர் மேலே தட்டினால் இடையில் உள்ள தகரம் மெலிந்து அகலும். முதல் முறையில் வடிவம் மீள்கிறது. இரண்டாவது, கடைசிச் சமப்படுத்தலுக்கு மட்டும் ஏற்றது. கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை அளவுக்கு மீறிச் செய்து தகரத்தை நீட்டிவிடுகிறார்கள். நீண்ட தகரம் தகர டப்பாவின் மூடிபோல் அழுத்தினால் உள்ளே போய், விட்டால் டப்பென்று வெளியே வரும். அதைச் சுருக்க ஒரு நாணய அளவு இடத்தைச் சிவக்கச் சூடாக்கி ஈரத்துணியால் குளிர்விப்பார்கள். இதைப் புத்தகத்தில் படித்துச் செய்ய முடியாது. பழைய இரும்புக் கடையில் ஒரு மட்கார்ட் வாங்கிப் பழகிய பின்னரே சொந்த வண்டியில் கைவைக்க வேண்டும்.

மைனரின் பொனட்டுக்கு இங்கே தனிக் கவனம் தேவை. கார் உற்பத்திக்குப் போகும் தறுவாயில், அது மிகவும் ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிஸ் கருதினார். மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். பொனட்டின் நடுவில் முன்பின்னாக ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் தடம். ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டித் துண்டு சேர்த்தே முதல் வண்டிகளில் மாட்டினார்கள். பலமுறை பட்டி பார்த்த கார்களில் இந்தப் பட்டையின் ஓரங்கள் மழுங்கிப்போய் பொனட் உப்பிய பலகாரம்போலத் தெரியும். மைனரை அறிந்தவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான்.

பட்டி

பட்டி கெட்ட பொருள் அல்ல. கெட்ட இடத்தில் பயன்படுவதே குற்றம். சுத்தியலும் கட்டையும் கொண்டுவர முடியாத கடைசி மில்லிமீட்டரை நிரப்புவது அதன் வேலை. 3 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் டிங்கரிங் முடியவில்லை என்று பொருள். ஓட்டையின் மேல் பட்டி எந்தச் சூழலிலும் ஆகாது. பாலியெஸ்டர் பட்டி நீரை உறிஞ்சும் தன்மை உடையது. பட்டி பூசிய காரைப் பிரைமர் அடிக்காமல் மழைக்காலத்தில் வெளியே விட்டால், நீர் பட்டிக்குள் தங்கி அடியிலுள்ள இரும்பைத் துருவாக்கும். சில மாதங்களில் புதிய பெயின்ட் கொப்பளிக்கும்.

தேய்க்கும்போது உப்புத்தாளை விரல்களால் பிடிக்காமல் நீளமான மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரல் பள்ளத்தைத் தொடர்ந்து போகும். கட்டை மேட்டை மட்டும் வெட்டும். 80 ஆம் இலக்கத் தாளில் தொடங்கி 180, 320 என மென்மையாக்கலாம். மேலே வேறு நிறப் பெயின்ட்டை மிக மெல்லியதாகத் தூவிவிட்டுத் தேய்த்தால், நிறம் எஞ்சும் இடம் பள்ளம், முதலில் மறையும் இடம் மேடு என்று தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில், பெயின்ட்டுக்கு முன், எல்லா மட்கார்ட்டுகளையும் கதவுகளையும் பொனட்டையும் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கும் மட்கார்ட்டுகளின் துளைகள் அப்படியே பொருந்துவது அரிது. ஓரம் ராவ வேண்டும், துளையை நீட்ட வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு அதைச் செய்ய முடியாது.

பெயின்ட்

பழைய நிறம் எது என்று அறிய, டாஷ்போர்டின் அடியிலும் கதவின் உள்பலகைக்குப் பின்னாலும் பார்க்கலாம். வெயில் படாத அங்கே முதல் நிறம் மங்காமல் இருக்கும். ஓல்ட் இங்கிலிஷ் வைட், டிரஃபால்கர் புளூ, ஆல்மண்ட் கிரீன் போன்ற மைனர் நிறங்களின் பெயர்களைச் சொன்னால் இன்றும் கலந்து தரும் கடைகள் பிரித்தானியாவில் உள்ளன.

இன்றைய கராஜ்களில் அடிக்கும் இரு பாகப் பெயின்ட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தெளிப்பைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்தால் பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகமூடியும் காற்றை இழுக்கும் தனி அறையும் வேண்டும். ஆகவே அது வீட்டு வேலை அல்ல. உடற்கூட்டு வேலை முழுவதையும் வீட்டில் முடித்து, பெயின்ட்டை மட்டும் கராஜில் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் அடிக்க விரும்புபவர்களுக்குப் பழைய செலுலோஸ் பெயின்ட் பொருந்தும். விரைவில் காய்வதால் தூசி ஒட்ட நேரமில்லை. வழிந்தாலும் தூசி விழுந்தாலும் தேய்த்துத் திருத்தலாம். மெல்லிய படலமாகவே படிவதால் பல தடவை அடிக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் அடுப்போ சுடரோ கூடாது. இதற்கும் ஆவி வடிகட்டும் முகமூடி வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் செலுலோஸ் அடித்தால் மேற்பரப்பு வெண்மையாகப் பூத்துப்போகும். தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிவதே காரணம். கரையோர ஊர்களில் மழைக்கு முந்திய புழுக்கமான மாலைகள் இதற்கு மிக மோசமான நேரம். வெயில் ஏறிய காலை வேளையும் மெதுவாக ஆவியாகும் தின்னரும் உதவும். சில வாரம் ஆறவிட்டு, மிக மென்மையான வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றினால்தான் அதன் உண்மையான பளபளப்பு வரும்.

மரச்சட்டம் கொண்ட டிராவலர்

1953 இல் வந்த டிராவலர் வகையில் பின்பாதி ஆஷ் மரச்சட்டத்தால் ஆனது. அது அலங்காரம் அல்ல, கூரையையும் பக்கங்களையும் தாங்கும் கட்டமைப்பு. மரம் கருத்து மென்மையானால் வார்னிஷ் அடித்து மறைக்க முடியாது. இற்ற துண்டை எடுத்துவிட்டுப் புதியதை இணைக்க வேண்டும். தகரத்தில் பட்டிக்குச் சொன்ன விதி மரத்துக்கும் பொருந்தும்.

இலங்கையும் மைனரும்

இலங்கையில் இந்தக் கார்கள் நீடித்திருக்கக் காரணம் பழமை மீதான பற்று மட்டுமல்ல, தேவையும்தான். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் செல்லத் தடை இருந்தபோது, மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களைச் சிறிது பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் இல்லாத நாட்களில் தகடுகளைக் கையாலேயே வளைத்துச் செய்தார்கள். அந்தக் கைத்திறனுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு இருந்தது. பிரித்தானியாவின் பாத் நகரில் மைனர் சீரமைப்பு மையம் ஒன்றை நிறுவிய சார்ல்ஸ் வேர், ஒரு காரைக் காலம் முழுவதும் பழுதுபார்த்து வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்டவர். அவருடைய கூட்டு முயற்சியாகத் தென்னிலங்கையின் காலியில் மைனருக்கான உடற்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று நடந்தது. ஒரு காலத்தில் பிரித்தானியாவிலிருந்து கப்பலில் வந்த காருக்கு, இலங்கையில் செய்த தகடுகள் திரும்பிப் போயின.

உள்ளறைகளுக்கு மெழுகு

பெயின்ட் காய்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது இயல்பு. புதிய சில் பெட்டியின் உட்புறம் இன்னும் வெறும் இரும்பாக இருக்கிறது. பற்றவைத்த சூட்டில் அங்கே இருந்த பிரைமரும் எரிந்து போயிருக்கும். நீண்ட மெல்லிய குழாய் பொருத்திய தெளிப்பானால் சில், இரும்புக் கால்கள், குறுக்குச் சட்டம், கதவின் அடி ஆகியவற்றின் உள்ளே மெழுகுத் திரவத்தை அடிக்க வேண்டும். வெயிலில் நின்று சூடேறிய நாளில் அடித்தால் அது இளகி மூட்டுகளுக்குள் தானாகப் புகும். இதைப் பெயின்ட்டுக்கும் வெல்டிங்குக்கும் முன் செய்யக்கூடாது. மெழுகின்மேல் பெயின்ட் பிடிக்காது, வெல்டிங்கில் அது தீப்பற்றும். அடித்து முடித்தபின் ஒரு கம்பியால் நீர் வடியும் துளைகள் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்துவிட வேண்டும். மெழுகு அவற்றை அடைத்திருந்தால், காரை முதலில் தின்ற அதே நீர் மறுபடியும் உள்ளே தேங்கத் தொடங்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், மட்கார்ட்டின் உட்புறச் சேற்றைக் கழுவி எடுப்பதும் துளைகளைச் சரிபார்ப்பதும் அரைநாள் வேலை.